எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறீர்களா? பட்டறைக்குப் போகும் முன் படிக்க வேண்டியவை

போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன் போன்ற கார் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்த எண்ணம் வந்துவிடும்: வண்டி நன்றாக இழுக்கிறது, ஆனால் சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்கிறது. டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டிகளில் இந்தக் குறை இன்னும் அதிகம், ஏனென்றால் வெளியேறும் புகையின் அதிர்வில் ஒரு பங்கை டர்போவே விழுங்கிவிடும், மிச்சத்தைக் கம்பெனி சைலன்சர் அடக்கிவிடும். என்னுடைய 1.2 டிஎஸ்ஐ போலோவுக்கு எக்ஸாஸ்ட், அதாவது புகைக் குழாயும் சைலன்சரும், மாற்றும் வேலையைச் செய்து முடிப்பதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல, ஒரு பட்டறையில் போட்டதைக் கழற்றி இன்னொரு இடத்தில் மறுபடி செய்ய வேண்டி வந்தது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன். உதாரணங்கள் என் வண்டியிலிருந்து வரும், ஆனால் முறை எந்தப் பெட்ரோல் டர்போ காருக்கும் ஏறக்குறைய இதேதான்.

நான் தேடியது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கேட்கிற கனமான, அடித்தொண்டைச் சத்தம். மெதுவாக ஓட்டினால் தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கே எதுவும் கிடையாது.

1. முதலில் சட்டம், அப்புறம் சைலன்சர்

பட்டறையில் முதலில் சொல்வது இதுதான்: "ஆர்சியில சைலன்சர் பத்தி ஒண்ணுமே இல்ல சார், யாரும் கேக்க மாட்டாங்க." முதல் பாதி உண்மை. ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், எரிபொருள், எடை எல்லாம் இருக்கும், சைலன்சர் இருக்காது. அதை நம்பி இறங்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், இதைக் கறாராகவே உறுதி செய்தது. அது சைலன்சருக்குப் பொருந்துமா என்று வாதம் பண்ணலாம்தான், ஆனால் சைலன்சருக்கென்றே தனி விதி இருக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதி 120. சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இவையெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவு, ரோட்டில் எழுதும் சலான் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கார்களுக்கான சத்த வரம்பு 74 டெசிபல். இது வண்டி ஓடும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, குறிப்பிட்ட வேகத்திலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளப்பது. புனேயில் ஏஆர்ஏஐ, நம் பக்கம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி போன்ற வாகனச் சோதனை மையங்களில் கம்பெனிகள் தங்கள் மாடலுக்கு எடுக்கும் சோதனை. வெளியே வாங்கும் சைலன்சர் பெட்டியில் ஐரோப்பிய "ஈ" முத்திரை இருந்தால் இங்கேயும் செல்லும் என்று விற்பவர் சொல்வார். அந்த முத்திரை, அங்குள்ள விதிப்படி அந்த மாடலுக்குச் சோதித்த பொருள் என்பதற்கு நல்ல ஆதாரம், அவ்வளவுதான். நம்மூர் ஆர்டிஓவுக்கோ போலீசுக்கோ அது அனுமதிச் சீட்டு ஆகாது.

ஆக, கையில் இருக்கும் நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, அளவு கூடாமல் டோனை மட்டும் மாற்றும் அடக்கமான வேலை. இன்னொன்று, டிராக்குக்குத் தனி சைலன்சர், ரோட்டுக்குக் கம்பெனி சைலன்சர். கோவை கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்) நடக்கும்போது போகிறவர்கள் சிலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எந்த வழியாக இருந்தாலும் ஒரே நிபந்தனை: கம்பெனி சைலன்சர் முழுசாக உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

2. இன்சூரன்ஸுக்கு ஒரு மெயில்

வேலைக்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். என்ன மாற்றப் போகிறீர்கள், எந்த இடத்திலிருந்து பின்னால், கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) தொடவில்லை, இன்ஜின் சக்தி மாறாது என்று தெளிவாக. போனில் ஏஜென்ட் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொல்வது எந்தக் கணக்கிலும் வராது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நடந்தபின் சொந்தச் சேதத்துக்கான கிளெய்மை இழுத்தடிக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். பதில் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம், நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடியாது என்று பதில் வந்தால், ரோட்டுக்குக் கம்பெனி சைலன்சர்தான்.

வாரன்டி இருக்கும் வண்டி என்றால் பொறுத்திருப்பது நல்லது. சென்சார், டர்போ சம்பந்தப்பட்ட எந்தப் பழுது வந்தாலும் சர்வீஸ் சென்டரின் முதல் கேள்வி எக்ஸாஸ்ட் பற்றித்தான் இருக்கும்.

3. எந்தத் துண்டை மாற்றுவது

முன்னாலிருந்து பின்னால் வரிசை இது: டர்போ, அதிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (பட்டறையில் "கேட்"), அசைவுக்கு வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப், நடு சைலன்சர் என்கிற ரெசனேட்டர், கடைசியில் பின் சைலன்சர், வெளியே தெரியும் குழாய் முனையான டிப்.

கேட்டைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதை எடுத்தால் சுத்தமாகாத புகையின் நாற்றம் அடிக்கும், பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் விளக்கை எரியவிடும் (ஸ்கேனரில் பி0420 என்று வரும்), பியூசி என்கிற புகைச் சோதனையில் மாட்டும், எல்லாவற்றுக்கும் மேல் பின்னால் வரும் பைக்காரரும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் குழந்தையும் அதைச் சுவாசிக்க வேண்டும். விளக்கு எரியாமல் ரீமேப்பில் (இன்ஜின் மென்பொருளை மாற்றி) மறைத்துத் தருகிறேன் என்பார்கள், புகை மறையாது. இன்னொரு விஷயம்: கேட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழையதுக்கே நல்ல விலை உண்டு. "பழைய கேட்டை நாங்களே வச்சுக்கறோம், கூலி குறைச்சுக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

டோன் மாற்றுவதற்குப் பின் சைலன்சர் ஒன்றே போதும், முக்கால்வாசி வண்டிகளில். கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்து, புகையைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பதில் துளையிட்ட நேர்க்குழாயும் அதைச் சுற்றி நார்ப் பஞ்சும் உள்ள சைலன்சர் போட்டால் கூர்மையான சத்தத்தைப் பஞ்சு உறிஞ்சிவிடும், அடிச்சத்தம் மட்டும் வெளியே வரும். அளவில் பெரிய சைலன்சராக எடுங்கள். உள்ளே பஞ்சுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு இதமாக இருக்கும், சின்ன உருளை பார்க்க அழகு, கேட்கக் கொடூரம்.

நடு ரெசனேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பது பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் வேலை, சில ஆயிரத்தில் முடியும். செய்யாதீர்கள். நாலு சிலிண்டர் இன்ஜினில் அது தகரத்தைக் கிழிக்கும் சத்தத்தைக் கொண்டுவரும், ஹைவேயில் இரைச்சலும் சேரும்.

குழாய் அகலம்: நூறு குதிரைத்திறன் பக்கம் இருக்கும் வண்டிக்கு 2 அங்குலம், அதிகம் போனால் 2.25. இருநூறைத் தாண்டிய ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி வண்டிகளுக்கு 2.5 முதல் 3. சின்ன இன்ஜினுக்கு 3 அங்குலக் குழாய் போட்டால் சக்தி கூடாது, சத்தம்தான் ஓட்டைப் பானையாகும்.

4. ட்ரோன்: யாரும் முன்கூட்டியே சொல்லாத தலைவலி

ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் "ம்ம்ம்" என்று ஒரு அழுத்தம், காதுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்காது. இதுதான் ட்ரோன். எக்ஸாஸ்ட் மாற்றியவர்களில் பலர் கொஞ்ச நாளில் திரும்பக் கம்பெனி சைலன்சருக்கே போவது இதனால்தான். வெளியே நின்று கேட்டால் தெரியவே தெரியாது, அதனால் பட்டறை வாசலில் ரேஸ் பண்ணிக் காட்டும்போது எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு சுமார் 67 அதிர்வு, 3,000த்தில் 100. மூணு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை, அதாவது 2,000த்தில் 50. இந்த அதிர்வெண் காரின் கேபினுக்கு இயல்பாக உள்ள அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் ட்ரோன் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டி டாப் கியரில் 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பட்டறையில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணை எதற்குக் கேட்கிறோம் என்று புரியாத பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

மருந்து உண்டு. குழாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளைக்குழாய், கடைசி முனை அடைத்தது, வளைத்து வைப்பதால் ஜே பைப் என்பார்கள். அதற்குள் போன சத்தம் முனையில் மோதித் திரும்பி வந்து அதே அதிர்வெண்ணைச் சாகடிக்கும். நீளம்தான் எல்லாம்: சூடான புகையில் சத்தம் போகும் வேகத்தை, அடக்க வேண்டிய அதிர்வெண்ணின் நாலு மடங்கால் வகுத்தால் வரும் நீளம். 100 அதிர்வுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அதிர்வு குறையக் குறைய நீளம் கூடும். அடியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முனையை உடனே வெல்டு வைக்காமல் கிளாம்ப் போட்டு, கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடைக்கச் சொல்லுங்கள்.

5. பொருளும் பட்டறையும்

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 என்று எழுதி எஸ்எஸ் 202 போடுவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. 202 என்பது வீட்டு வாசல் கதவு, கைப்பிடிக் கம்பிக்குப் போகும் மலிவு ரகம், சூடும் ஈரமும் மாறி மாறிப் படும் இடத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்பார்கள், போதாது. 304, 202 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. ஸ்டீல் கடைகளில் ஒரு சின்ன பாட்டில் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டுப் பேட்டரி முனையைத் தொட்டால் 202 சிவப்பாக மாறும். குழாயை நீங்களே கடையில் சோதித்து வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. கம்பெனிகளே போடும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும், மேலே துரு தெரியும், ஆனால் உழைக்கும், அது குறையல்ல.

பட்டறையில் மூன்று விஷயம் பாருங்கள். வளைவுகள் நசுங்காமல் உருண்டையாக இருக்கின்றனவா, அதாவது மேண்ட்ரல் பெண்டிங்கா. ஒட்டு ஆர்கான் வெல்டிங்கா, உள்பக்கமும் சுத்தமாக இருக்கிறதா. ஏற்கெனவே செய்த ஒரு வண்டியில் உங்களை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவார்களா. மூன்றாவதுக்கு மழுப்பினால் வேண்டாம். என் வண்டியில் முதலில் வேலை செய்த இடத்தில் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் கம்பியை அளவு பார்க்காமல் ஒட்டியிருந்தார்கள், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் குழாய் பின் ஆக்ஸிலில் "டக் டக்" என்று இடித்தது, "ஓட ஓட செட் ஆயிடும்" என்பதுதான் பதிலாக வந்தது. இரும்பு செட் ஆகாது. அந்தப் பதில் வந்தால் அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

6. செலவு

நான் விசாரித்த இடங்களில் கேட்ட தொகைகள் இவை, ஊருக்கு ஊர் ஏறி இறங்கும். நல்ல பின் சைலன்சர் மட்டும், 304இல், கூலியோடு 15,000 முதல் 30,000 வரை. ஜே பைப்புக்கு மேலே 3,000 முதல் 5,000. கேட்டுக்குப் பின்னால் மொத்தமும் புதுசாக என்றால் 45,000த்தில் தொடங்கி 90,000 வரை. அக்ராபோவிச், ரெமுஸ், மில்டெக் என்று வெளிநாட்டுச் சரக்கு என்றால் லட்சத்தில் பேச வேண்டும், சுங்க வரி தனி, வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், இந்திய மாடலின் அடிப்பகுதிக்கு அப்படியே பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். பில்லில் பொருளின் ரகம், குழாய் அகலம், ஒட்டுக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

7. வேலை நடக்கும் நாள்

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் கம்பெனியிலிருந்து வரும்போது நடு சைலன்சரும் பின் சைலன்சரும் ஒரே குழாயாக வரும். எங்கே வெட்ட வேண்டும் என்று குழாயிலேயே சின்னச் சின்னக் குழிகளாக அடையாளம் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நேராக வெட்டினால் பின்னாளில் கம்பெனி சைலன்சரை ஒரு இரட்டைக் கிளாம்ப் ஸ்லீவ் போட்டு அப்படியே மாட்டிவிடலாம். தெரியாத பட்டறையில் கைக்கு வசதியான இடத்தில் வெட்டுவார்கள், அதோடு திரும்பிப் போகும் வழி அடைந்துவிடும். வெட்டும்போது கூடவே நில்லுங்கள்.

முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் துரு எண்ணெய் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங்கை முடிந்தவரை குழாயைக் கழற்றிக் கீழே வைத்தே செய்ய வேண்டும், வண்டியில் வைத்துப் புள்ளி வெல்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு ஆபத்து. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடுகள் எல்லாம் திரும்ப மாட்டப்பட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். கழற்றிய தகட்டை "தேவையில்லை" என்று ஓரமாகப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது தீப்பிடிக்கும் விஷயம். டிப்புக்கும் பம்பருக்கும் நடுவில் விரல் தாராளமாகப் போகும் அளவு இடைவெளி வேண்டும், சூட்டில் குழாய் நீளும்.

பின் சைலன்சர் மட்டும் என்றால் ஒரே நாளில் முடியும். மொத்தமும் என்றால் இரண்டு மூன்று நாள் வண்டியை விட வேண்டும்.

8. காசை முழுசாகக் கொடுக்கும் முன் சோதனை

நாலு பேரை ஏற்றி, ஊரிலேயே மோசமான ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். அப்புறம் ஹைவேயில் நீங்கள் குறித்துவைத்த ஆர்பிஎம்மில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஏனென்றால் ட்ரோன் அங்கேதான் முதலில் தெரியும்.

சத்தத்தை அளக்க போன் ஆப் போதும், ஆனால் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், வித்தியாசத்தை நம்புங்கள். வேலைக்கு முன்பே ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, அதே இடம், அதே போன். டிப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில், அதே உயரத்தில் பிடித்து, இன்ஜினின் உச்ச சக்தி வரும் ஆர்பிஎம்மில் முக்கால் பங்கில் நிறுத்தி அளக்க வேண்டும். என் இன்ஜினுக்கு உச்ச சக்தி 5,000த்தில், அதனால் 3,750. இந்த எண்ணை 74 டெசிபலோடு ஒப்பிட முடியாது, அது வேறு சோதனை, ஆனால் பழையதைவிட 10 டெசிபல் கூடியிருந்தால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அந்த சைலன்சரை ரோட்டில் ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று டெசிபல் கூடியிருந்தாலும் பெரிய பஞ்சு சைலன்சரோ, டிப்புக்கு முன் இன்னொரு சின்ன ரெசனேட்டரோ போட்டு இறக்கச் சொல்லுங்கள்.

விடியற்காலை முதல் ஸ்டார்ட்டையும் கேளுங்கள். கேட்டைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக இன்ஜின் அந்த நேரத்தில் ஆர்பிஎம்மை உயர்த்தி ஓடும், நாளில் அதிகச் சத்தம் வருவதே அப்போதுதான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ வயசானவர்களோ இருந்தால் இந்த ஒரு நிமிடத்தை வைத்தே முடிவெடுங்கள்.

9. பியூசி எடுத்து வையுங்கள்

பழைய பியூசி காலாவதியாகவில்லை என்றாலும் வேலை முடிந்ததும் புதுசாக ஒன்று எடுங்கள். செலவு சொற்பம், அதைவிட முக்கியம், ஒட்டில் கசிவு இருந்தால் இந்தச் சோதனையில் வெளியே வந்துவிடும். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஆர்பிஎம்மை 2,500 பக்கம் ஏற்றி லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை சரியா என்று காட்டும் எண்) பார்ப்பார்கள், 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு லாம்டா கூடுதலாகக் காட்டும். இன்ஜினில் ஏதோ கோளாறு என்று சென்சாரை மாற்றச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள், முதலில் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சான்று, பில், இன்சூரன்ஸ் மெயில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள், சத்தம் அளந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் வண்டியிலும், நகலை போனிலும் வையுங்கள். சோதனையில் நிறுத்தினால் சட்டம் பேசாதீர்கள், இன்ஜினை ஐடிலில் விட்டு, காகிதத்தைக் காட்டுங்கள், ரேஸ் பண்ணச் சொன்னால் மட்டும் பண்ணுங்கள். காகிதம் அபராதத்தைத் தடுக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்டை எடுக்கவில்லை, மறைத்து எதுவும் செய்யவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளாம்ப்பையும் ஒரு தடவை இறுக்குங்கள், சூடேறிக் குளிர்ந்ததில் தளர்ந்திருக்கும். நார்ப் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஒன்றிரண்டு வருடத்தில் சத்தம் தானாகக் கூடும், அதனால் அந்த போன் ஆப் அளவை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாருங்கள். திறந்து பஞ்சு மாற்றும் வகையில் மூடி போல்ட் போட்ட சைலன்சராக வாங்கியிருந்தால் அப்போது சில ஆயிரத்தோடு முடியும், முழுக்க வெல்டு வைத்தது என்றால் வெட்டித்தான் திறக்க வேண்டும். கம்பெனி சைலன்சரை வீட்டில் படுக்க வைக்காமல், உள்ளே தண்ணீர் தங்காதபடி வாய் கீழே இருக்குமாறு சாய்த்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.